ஓதம் ஏறிய சுவர்

வாயில் ஆணி, கையில் சுத்தியல், அக்குளில் தகரப் படம். மெக்கானிக் இடம் தேடிக்கொண்டிருந்தார்.

மாதா கோயிலின் பின்கூடத்தில் சுவரே தெரியவில்லை. நோயிலிருந்து பிழைத்தவர்கள் நன்றிக்கு வரைந்து மாட்டிய படங்கள், தரையிலிருந்து உத்தரம் வரை. எல்லாவற்றிலும் ஒரு கட்டில், கட்டிலில் ஒரு நோயாளி, சுற்றிலும் சொந்தபந்தம், மேல் மூலையில் மேகத்துக்குள் மாதா.

நன்றி சொல்ல வந்தவர் மாதிரி இல்லை, மனை பார்க்க வந்தவர் மாதிரி அலைந்தார். ஒரு இடம் உயரம், ஒன்று இருட்டு, இன்னொன்றில் பக்கத்துப் படம் பெரிசு.

முப்பது வருஷம் கப்பல் எஞ்சினோடு மல்லுக்கட்டிய உடம்பு, நாற்பது நாள் நிமோனியாவில் கிடந்து எழுந்திருக்கிறது. அது நாலு பேர் கண்ணில் படவேண்டாமா?

படமும் லேசுப்பட்டதல்ல. கட்டிலில் அவர். தலைமாட்டில் டாக்டர். கால்மாட்டில் ஊரிலிருந்து ஓடிவந்த அண்ணன். ஜன்னலோரம் கப்பல் சிநேகிதர்கள் இரண்டு பேர். அவர்கள் வந்தது ஒரே நாள், அதுவும் பத்து நிமிஷம். மூக்கைத்தான் ஓவியன் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டான். மூக்கு சரியாத்தான் இருக்கு என்றாள் மனைவி. படத்தைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான்.

அவர் வலப்பக்கச் சுவரை நோக்கி நடந்ததும் அவள் பின்னாலேயே வந்தாள்.

"அந்தப் பக்கம் வேணாங்க. ஓதம் ஏறின சுவரு, தகரம் துருப்பிடிச்சிடும்."

வேண்டாம் என்றால் அங்கேதான் போவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பொட்டு ஈரமில்லை. இதற்குப் போய் ஏன் பொய் சொன்னாள் என்று கையை எடுத்தபோதுதான், கைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த படத்தின் ஜன்னல் கண்ணில் பட்டது.

நடுக்கம்பி ஒடிந்து, செம்புக் கம்பியால் இழுத்துக் கட்டிய ஜன்னல்.

கட்டியது அவர். அது அவருடைய வீடு.

கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கண்மூடிக் கிடந்தவள் அவருடைய மனைவி. கீழே, இருபத்தொரு நாள் விஷக்காய்ச்சல், உயிர் தந்த தாய்க்கு நன்றி என்று எழுதி, மாதமும் வருஷமும் போட்டிருந்தது. பதினேழு வருஷம் ஆகிறது.

அந்த வருஷம் முழுக்க அவர் கடலில் இருந்தார். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் செய்தபோது அவள் குரல் கம்மியிருந்தது. கேட்டதற்கு லைன் சரியில்லை என்றாள். நீங்க சாப்பிட்டீங்களா என்றாள்.

தனியாகவா கிடந்தாள்?

படத்தில் அவள் தனியாக இல்லை. கட்டிலை ஒட்டி ஒரு ஆள் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை, அவன் மட்டும்தான்.

யார் இவன்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

அந்த ஆளின் இடது கட்டைவிரல் பாதிதான் இருந்தது.

மெக்கானிக் தன் இடது கையைப் பார்த்தார். கப்பல் எஞ்சின் தின்றது போக மிச்சமிருந்த அரைக் கட்டைவிரல். அவள் சொல்லாமல் அந்த ஓவியனுக்கு எப்படித் தெரியும்?

ஆணியை வாயிலிருந்து எடுத்தார். அக்குளில் இருந்ததை உருவி இன்னொரு முறை பார்த்தார். டாக்டர், அண்ணன், சிநேகிதர்கள். நாற்பது நாளும் கட்டிலடியில் தரையில் படுத்தவளை எங்கே நிறுத்துவது என்று ஓவியன் கேட்கத்தான் செய்தான். இடம் நெருக்கடி, அவ வீட்டு ஆளுதானே, விட்டுடு என்று சொன்னது இவர்தான்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவர் தன் படத்தை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

"என் படத்தைப் போட்ட ஓவியன் இந்நேரம் கடையில இருப்பானா?" என்று கேட்டார், அவள் முகத்தைப் பார்க்காமல்.