மூன்று குழாய் ரத்தம்

சியோல் நகரத்து மருத்துவமனை ஒன்றின் ரத்தம் எடுக்கும் அறை. வெள்ளை விளக்கு கண்ணைக் கூச வைக்கிறது. மியோங்ஹுய்யின் மடியில் நான்கு வயது மகள் தாசொம், யார் முகத்தையும் பாராமல் விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். ஆட்டிசம்தானா என்பதற்கு மரபணுச் சோதனை துப்புக் கொடுக்கலாம்; மகள், தாய், தந்தை மூவரின் ரத்தமும் வேண்டும். நர்ஸ் மூன்று குழாய்களை வரிசையாக வைக்கிறாள். நாத்தனார் சுனொக் குறுக்கே வந்து நிற்கிறாள்.

"தாய்ப்பாசம் பத்தாததால வந்த நோய்னு பழைய டாக்டர் எழுதிக் குடுத்தாரே, அதையே வச்சுக்கோயேன். பரம்பரையில இருக்குன்னு வந்தா எம் பொண்ணை எவன் கட்டுவான்?"

"பாசத்தைக் கூட்டி ரெண்டு வருஷம் பாத்தாச்சு அண்ணி. பழியை நான் சுமந்துக்குவேன். தப்பான வைத்தியத்தை இவ ஏன் சுமக்கணும்?"

"என் தம்பி ரத்தம் தர மாட்டான்."

சுவரோரம் நிற்கும் தம்பி, தாசொமின் அப்பா, கோட்டைக் கழற்றி அக்காவிடமே நீட்டுகிறான். பிறகு சட்டைக் கையை மடிக்கிறான்.