பேரரசரின் புதன்கிழமை

“பெஞ்சுங்களுக்கா பாடம் நடத்திட்டிருக்கீங்க?”

வாசலில் நின்ற பெண் கேட்டதும் ஷாஹிந்தாவின் சாக்பீஸ் சமன்பாட்டின் பாதியில் நின்றது. வகுப்பில் மொத்தம் ஐந்து மாணவிகள். அதில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

“மீதிப் பேர் உஸ்தாத் வக்தி டியூஷனுக்கு ஓடிட்டாங்க, மேடம். புதன்கிழமைன்னா கடைசி வகுப்பு இப்படித்தான்.”

“அவர் டியூஷன் சாயங்காலம்தானே?”

“முன்வரிசை வேணும்னா மத்தியானமே போய் உட்காரணுமாம்.”

வந்தவர் இப்திசாம். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு டேப்லெட், செல்போன் வைத்துப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுக்கக் கல்வி அலுவலகம் அனுப்பிய பயிற்சியாளர். அவர் ஜன்னல் வழியே எதிர்ச்சுவரைப் பார்த்தார். அங்கே கோட்டும் டையுமாக டியூஷன் வாத்தியார் உஸ்தாத் வக்தி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, ‘வேதியியலின் பேரரசர்’. எகிப்தின் தந்தா நகரில் அந்தப் போஸ்டர் இல்லாத சுவர் ஒன்று இருந்தால், அது இன்னும் பூச்சு காயாத சுவராக இருக்கும்.

“அரையாண்டுக்குள்ள இந்த வகுப்பு நிரம்பலைன்னா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன்னு தலைமையாசிரியை சொல்லிட்டாங்க” என்றாள் ஷாஹிந்தா.

“அரசாங்கம் குடுத்த டேப்லெட் எங்கே?”

“எல்லாரும் வச்சிருக்காங்க. நெட்தான் வராது. பொண்ணுங்க அதுல முகம் பார்த்துப் புருவம் சரிபண்றாங்க.”

“அப்போ கேமரா வேலை செய்யுது. அது போதும்.” இப்திசாம் மேசை மேல் ஏறி உட்கார்ந்தார். “இதோ பாரு கண்ணு. அடுத்த வாரம் வக்தி இரும்பும் செம்பும் நடத்துவார். முதல்ல ஒரு மாமியார் ஜோக். அப்புறம் சமன்பாட்டை ராகம் போட்டுப் பாடுவார். ஆனா ஒரு ஆணியைக் காட்ட மாட்டார். அத்தனை பெரிய ஹால்ல ஆணி யார் கண்ணுக்குத் தெரியும்? நீ காட்டு.”

வழியையும் அவரே சொன்னார். கண்ணாடி டம்ளரில் செம்புச் சல்பேட்டு என்ற நீலத் துத்தக் கரைசல். அதில் ஓர் இரும்பு ஆணி. எதிரே ஒரு டப்பாவில் சாய்த்து வைத்த டேப்லெட். ஒரு மணி நேரம் நடப்பதை அரை நிமிடமாக ஓட்டிக் காட்ட வேண்டும்.

“சத்தத்தை மட்டும் எடுத்துடு. பேச்சை அவங்க போடட்டும். கால்பந்து வர்ணனை மாதிரி.”

“பொண்ணுங்களா?”

“மேட்ச் பார்க்கக் காபிக் கடைக்குப் போக விடாத பொண்ணுங்கதான் வீட்டுல தொண்டை கிழியக் கத்துறாங்க.”

மறுநாள் ஆசிரியர் அறையில் புவியியல் டீச்சர் சுஹைர் இதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “மத்த பயிற்சியாளருங்க ஒரு தடவை வருவாங்க, டீ குடிச்சுக் கையெழுத்துப் போட்டுப் போவாங்க. இவ வாராவாரம் வர்றேங்கிறாளா? இந்த ஊர்ல ஓசியில வழிகூடச் சொல்ல மாட்டாங்க. அதுவும் வக்தியோட ஜோக் முதற்கொண்டு தெரிஞ்சு வச்சிருக்கா. அவர் அனுப்பின ஆளுடி. உன்னை வேவு பார்க்குறா.”

ஷாஹிந்தாவுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் வேறு வழி கைவசம் இல்லை. ஆணியை நீலத்தில் போட்டாள்.

அடுத்த புதனும் ஐந்து பேர்தான். டேப்லெட்டில் ஆணி செந்நிறமாக மாற, போன வாரம் தூங்கிய நெர்மீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மைக்கைப் பிடிப்பதுபோல் ஸ்கேலைப் பிடித்தாள்.

“இரும்பு மைதானத்தை விட்டு வெளியேறுது... அந்த இடத்துக்குச் செம்பு இறங்குது... சல்பேட்டு என்ன பண்ணுது? வழக்கம்போல ரெஃப்ரி, சும்மா நின்னு வேடிக்கை பார்க்குது...”

பக்கத்துப் பெண் செல்போனில் எடுத்த அந்த வீடியோ ராத்திரிக்குள் ஊரிலுள்ள குடும்பக் குரூப்புகளையெல்லாம் சுற்றி வந்துவிட்டது. அடுத்த வாரம் பாதி வகுப்பு நிரம்பியது. அதற்கடுத்த மாதம் பக்கத்து வகுப்பிலிருந்து நாற்காலி கடன் வாங்க வேண்டியிருந்தது. அமிலமும் காரமும் கணவன் மனைவியாகச் சண்டை போட்டுச் சமாதானமான நாளில், தலைமையாசிரியையே கதவோரம் நின்று சிரித்துவிட்டுப் போனார்.

இப்திசாம் வாராவாரம் வந்தார். புதுப்புது யோசனை கொண்டுவந்தார். இங்கே எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. “அங்கே எத்தனை பேர் குறைஞ்சாங்க?” என்றுதான் கேட்பார்.

“கேட்டியா?” என்பாள் சுஹைர். “கணக்கு யாருக்குப் போகுதுன்னு புரியுதா?”

அரையாண்டு விடுமுறைக்கு முன்பு ஒரு புதன்கிழமை, ஷாஹிந்தாவின் ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. ஆள் சேராததால் உஸ்தாத் வக்தி புதன்கிழமை டியூஷனையே நிறுத்திவிட்டார் என்ற செய்தியும் அன்றே வந்தது. சந்தேகப்பட்ட வெட்கத்தோடு ஷாஹிந்தா ஒரு பெட்டி கொண்டைக்கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அன்று சாயங்காலமே இப்திசாம் வீட்டு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தது போஸ்டர் முகம்.

கோட்டு இல்லை, டை இல்லை. கசங்கிய கலாபியா அங்கியும், வெங்காயம் நறுக்கிக் கலங்கிய கண்களுமாக உஸ்தாத் வக்தி நின்றார். ஷாஹிந்தா ஓரடி பின்வாங்கினாள். சுஹைர் சொன்னது சரிதான். இப்திசாம் அவருடைய ஆளேதான்.

“இப்தி, உன்னைப் பார்க்க யாரோ டீச்சர் வந்திருக்காங்க” என்று உள்ளே குரல் கொடுத்தார் அவர். “நீ பேசிட்டு வா, சூப்பு அடுப்புல இருக்கு” என்று சமையலறைக்கு ஓடினார்.

இப்திசாம் வந்து மிட்டாய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு, ஷாஹிந்தாவின் காதருகே குனிந்தார்.

“கல்யாணம் ஆனதுலேருந்து என் புருஷன் வீட்டுல உட்கார்ந்து என்னோட சாப்பிடப்போற முதல் புதன்கிழமை இது. அப்படியே அந்த வியாழக்கிழமையையும் எனக்கு வாங்கிக் குடுத்துடேன், கண்ணு.”