ஓசூர் மூட்டை

காலி பாக்கெட்டுகள் பண்டம் செய்தவர் வாசலுக்கே திரும்ப வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, சாத்தூர் குருவையாவின் காராச்சேவுப் பட்டறைக்கு வாரந்தோறும் ஊர்வாரியாக மூட்டைகள் வந்து இறங்கின.

ஓசூர் மூட்டையை மட்டும் அவர் மனைவி வேலுத்தாய் யாரையும் தொடவிடமாட்டாள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போன மகள் பொன்ராணி, காலி பாக்கெட்டைச் சடைபோலப் பின்னித்தான் போடுவாள். நான்கு வருஷமாக அந்தச் சடைதான் சேதி.

இந்த வாரம் அதனுடன் இன்னொரு சடையும் சேர்த்துக் கட்டியிருந்தது. சின்னது, கோணல்மாணலாகப் பாதியில் அவிழ்ந்தது. ஓரத்தில் பால்பல் கடித்த தடம்.

“ஏங்க, இத யாரு பின்னிருக்கான்னு பாருங்க.”

மகள் பேரைச் சொன்னாலே எழுந்து போய்விடும் குருவையா, அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் குரல் கொடுத்தார்.

“ஏப்பா, ஓசூருக்குப் போற சேவுல காரத்தப் பாதியாக் கொறைங்கப்பா. புள்ள நாக்கு தாங்காது.”