பச்சை ஒயர்

"அவர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க பாலு. தெரிஞ்சா குதிப்பாரு."

தறிக் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டான் பழனி. உள்ளே பக்கத்துத் தறிக்காரன் பாலுவோடு குசுகுசுவென்று பேசிக்கினு இருந்தவள் அவன் பெண்டாட்டி தெய்வநாயகி.

"வேலைய முடிச்சிட்டேன் அண்ணி. இனிமே பயமே இல்ல" என்று சிரித்தான் பாலு. வாய்க்குத்தான் அண்ணி!

பழனிக்கு வயிறு எரிந்தது. பத்து நாளாகவே பார்க்கிறான். அறுந்த இழையை முடிய வருகிறவள், புருஷன் தறியைத் தொட்டால் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறாள். பாலுவின் தறியில் மட்டும் சாய்ந்துகினு நிற்கிறாள்.

நேற்று கேட்டே விட்டான். "நம்ம தறியத் தொட்டா சுர்ருன்னு கரெண்டு இழுக்குதுங்க" என்றாள்.

"வெயில் நாள்ல பட்டு நூல்னா மயிர் நிக்கும், கை சுருக்குங்கும். அதான் தரையில தண்ணி தெளிக்கிறோம். எனக்கு ஒண்ணும் இழுக்கலியே?" என்று சட்டத்தைத் தட்டிக் காட்டினான்.

"முதல்ல அந்த ரப்பர் செருப்பை வெளியே வுட்டுட்டு வாங்க. தறின்னா சாமி" என்றாள். அவனுக்குக் குதிகால் வெடிப்பு, செருப்பைக் கழற்ற மாட்டான். அவளோ வெறுங்காலோடுதான் கொட்டகைக்குள் வருவாள்.

மத்தியானம் கரெண்டு போனது. பாலு டீ குடிக்கக் கிளம்பினான். சோறு எடுத்து வரத் தெய்வநாயகியும் கிளம்பினாள். ரெண்டு பேரும் சொல்லி வைத்துக்கொண்டு போகிற மாதிரியே இருந்தது.

பாலு தறிக்குப் பின்னால், மண்ணுக்குள் இறங்குகிற எர்த் கம்பியில் இரண்டு பச்சை ஒயர்கள். ஒன்று பழசு, அழுக்கேறியது. இன்னொன்று புத்தம் புதுசு.

ஓகோ, பழசு வீணாய்ப் போனதும், அவள் சாய்ந்து நிற்கப் புதுசாகவே போட்டுவிட்டானா?

இது இல்லாவிட்டாலும் தறி ஓடும். தொட்டால் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். ஒரு தடவை வாங்கினால் அந்தப் பக்கமே போக மாட்டாள். ஆளையா கொன்றுவிடும்?

நூல் வெட்டுகிற கத்திரியால் புது ஒயரை நறுக்கினான். முனையைக் கழிவு நூலுக்குள் செருகி மறைத்தான்.

கரெண்டு வந்தது. தெய்வநாயகியும் வந்தாள். பாலு தறிக்குத்தான் போவாள் என்று, கத்திரியை மடியில் செருகிக்கொண்டு, எட்ட நின்று ஓரக்கண்ணால் காத்திருந்தான் பழனி.

அவள் அங்கே போகவில்லை. ஈரம் காயாத தரையில் நேராகப் பழனியின் தறிக்கு நடந்து, மோட்டார் சுவிட்சைப் போட்டாள்.

"நீங்கதான் நம்பவே இல்லியே, அதான் சொல்லாம செஞ்சேன்" என்று சிரித்துக்கினே, இரும்புச் சட்டத்தின் மேல் சாயக் கையை நீட்டினாள்.

"பாலு நம்ம தறிக்கும் புது ஒயர் இழுத்துக் குடுத்துட்டாருங்க!"