பின்பக்கத்து ஷெட்

புது எம்.டி. பழிவாங்குகிறார் என்பதில் அந்தத் தோல் ஆலையில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பின்னே என்ன? பதவிக்கு வந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவே, அதிகாரிகள் அத்தனை பேரும் மாடியிலுள்ள குளுகுளு அறைகளைக் காலி செய்துவிட்டு, ஆலையின் பின்பக்கத்து ஷெட்டில் மேசை போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான். ஷெட்டை ஒட்டிக் கழிவு வாய்க்கால் ஓடுகிறது. அதற்கப்பால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தொழிலாளர் குடியிருப்பு.

எம்.டி.யும் அந்தக் குடியிருப்பில் பிறந்தவர்தான். தோலிலிருந்து முடியை நீக்க ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை பார்த்து, படித்து, மெல்ல மெல்ல மேலே வந்தவர். அதிகாரிகள் அவருக்கு ரகசியமாக வைத்த பெயர் 'சுண்ணாம்பு'.

"தான் பட்டதை நாமளும் படணும்னு நினைக்கிறார், வேற ஒண்ணுமில்லை" என்றார் நிதி மேலாளர். அவருடைய வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாற்காலி தனக்குத்தான் என்று உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

முதல் வாரம் ஷெட்டில் ஒருவராலும் உட்கார முடியவில்லை. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார்கள். பாதிப் பேச்சு யாருக்கும் புரியவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர்கள் திறந்த வேகத்தில் மூடினார்கள். எம்.டி. மட்டும் பூங்காவில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி நிதானமாக டீ குடித்தார். அதைப் பார்க்கப் பார்க்க நிதி மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கழிவுநீரைச் சுத்தம் செய்யப் புதிதாக ஒரு நிலையம் கட்ட வேண்டும் என்பது எம்.டி.யின் திட்டம். அதற்கு இயக்குநர்கள் சம்மதிக்க வேண்டும். அவர்களோ நிதி மேலாளர் தலையை ஆட்டினால்தான் ஆட்டுவார்கள். அவர் ஆட்டுவதாக இல்லை. இருக்கிற பழைய சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பழுது பார்த்தாலே போதும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"சரி சார், பண்ணிப் பாருங்க" என்று எம்.டி. விட்டுக்கொடுத்தார்.

பழுது பார்த்தார்கள். நாளாக ஆகக் கைக்குட்டைகள் ஒவ்வொன்றாகப் பாக்கெட்டுக்குள் போயின. டப்பாக்கள் திறந்தன. ஷெட்டில் அரட்டைகூட ஆரம்பமாகிவிட்டது. நிதி மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வீட்டில்தான் ஒரு சின்னத் தொல்லை. சாயங்காலம் கதவைத் திறக்கும் மனைவி தினமும் ஓர் அடி பின்னால் போனாள்.

"என்னங்க, சட்டையெல்லாம் ஒரே நாத்தம். நேரா குளிக்கப் போங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. உனக்கு மூக்கு ரொம்ப நீளம்" என்று எரிந்து விழுவார். அவளும் வாயை மூடிக்கொள்வாள்.

இயக்குநர்கள் கூட்டத்துக்கு முந்தின நாள், ஷெட்டில் எல்லோர் முன்னிலையிலும் நிதி மேலாளர் எழுந்து நின்றார்.

"சார், இப்ப நாத்தமே இல்லை. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. புது நிலையம் தேவையில்லைன்னு நாளைக்குச் சொல்லிடறேன்."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். எம்.டி. சண்டைக்கு வருவார் என்றுதான் நிதி மேலாளர் எதிர்பார்த்தார். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நிஜமாவே இல்லையா? ரொம்ப சந்தோஷம் சார். சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு நல்ல காத்து கிடைச்சாப் போதும். அது எந்த வழியில வந்தா என்ன?"

அந்த நேரம் பார்த்து, அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்த இளம் அதிகாரி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஷெட்டுக்கு வந்தாள். வாசலைத் தாண்டவில்லை. இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடி, சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

எம்.டி. அவள் பின்னாலேயே தண்ணீரோடு போனார். வாந்தி நின்றதும், "இன்னும் நாறுதாம்மா?" என்று கேட்டார். அவளால் பேச முடியவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

திரும்பி வந்தவரின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எனக்கு வாசனையே தெரியாது சார்" என்றார். "தொட்டியில வேலை பார்த்தப்பவே மூக்கு செத்துப்போச்சு. என் பொண்ணு பிறந்தப்ப எல்லாரும் அவ உச்சந்தலையை மோந்து மோந்து கொஞ்சினாங்க. நானும் மோந்து பார்த்தேன். ஒண்ணுமே தெரியலை. தோலை மோந்தே தரம் சொல்ற தொழில் இது. இங்க இருந்துகிட்டு இதை வெளியில சொல்ல முடியுமா? அதான் உங்க மூக்கை நம்பி உங்களை இங்க உட்கார வெச்சேன்."

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"கைக்குட்டை உள்ளே போகப் போக, வாய்க்கால் சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சேன். அது சுத்தமாகலை. உங்களுக்குப் பழகிப்போச்சு. கொஞ்ச நாள் இருந்த உங்களுக்கே இப்படின்னா, அங்கேயே பிறக்கற குழந்தைங்களுக்குக் காத்துன்னாலே இதுதான் சார்."

நிதி மேலாளர் கூனிக் குறுகிப் போய் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்றார். கதவைத் திறந்த மனைவி வழக்கம்போல் ஓர் அடி பின்னால் போனாள். எதற்கு வம்பு என்று எதுவும் சொல்லவில்லை.

"போகாதே, கிட்ட வா" என்றார் அவர். "எப்படி நாறுதுன்னு ஒண்ணு விடாம சொல்லு. நாளைக்குக் கூட்டத்துல நான் அவங்ககிட்ட சொல்லணும்."