சத்தமில்லாத வண்டி

“துளி சத்தம்கூட வராதா?”

“வராது ஹெலன். நீ திரும்பிப் பாக்கறதுக்குள்ள வண்டி வாசல்ல வந்து நிக்கும்.”

காருக்கு அடியிலிருந்து மோசஸின் கால்கள் மட்டும் தெரிந்தன. கழற்றிய டீசல் இன்ஜின் சுவரோரம் சாக்கின்மேல் கிடந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் அவர். லீவு கிடைத்தால் போதும், லுங்கியோடு வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவார்.

“நல்லாதானே ஓடிட்டிருந்துச்சு. எதுக்கு இந்த பேஜாரு?”

“டீசல் செலவு ஜாஸ்தி. கரண்டுல ஓட்டிட்டா மிச்சம்.”

“பேட்டரி வெடிச்சிட்டா?”

“நான் இன்னா பட்டாசா கட்டிட்டிருக்கேன்?”

ஹெலனின் கவலை பேட்டரி இல்லை; ஃபீபி.

ஒரே மகள். ஒடுகத்தூர் வேலுவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அந்த வாரமே மோசஸ் ஜெபக் கூட்டத்தில் எழுந்து, “இனிமே அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வீட்டில் அவள் பெயரையே எடுப்பதில்லை.

ஆனால், அவர் வேலையிலிருந்து திரும்புமுன் ஹெலன் தினமும் மகளோடு பேசிவிடுவாள். பழைய காரின் கடகட சத்தம் தெருமுனையில் கேட்கும். உடனே போனை வைத்துவிடுவாள். அந்தச் சத்தத்தை நம்பித்தான் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அதையே பிடுங்குகிறார். தெரிந்துவிட்டதோ?

பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் வேறு கிளப்பிவிட்டாள். “ஆம்பள சத்தமில்லாம வீட்டுக்கு வரணும்னு இவ்ளோ பாடுபடறாருன்னா, எதையோ கையும் களவுமா புடிக்கப் பாக்குறாரு. உஷாரா இரு, ஹெலன்.”

ஹெலன் ஒரு வழி யோசித்தாள். “புது கரண்டு வண்டியில எல்லாம் ஏதோ சத்தம் வெக்கிறாங்களாமே. நம்மளுதுலயும் வெச்சிடுங்க. தெருவுல கொழந்தைங்க ஓடுதுங்க.”

“ஹாரன் இருக்குது இல்ல?”

“அது வேற, இது வேற.”

ஸ்பேனர் திருகும் ஓசை நின்றது. “சத்தம் வேணாம். அதுக்குத்தானே இவ்ளோ வேலையும்.”

ஹெலன் பேச்சை மாற்றி, அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

சாப்பிடும்போது அவர் திடீரென்று கேட்டார். “உன் போன்ல ஸ்பீக்கர் நல்லா கேக்குதா?”

“ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

அன்றிலிருந்து போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

வண்டி தயாரானது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. முதல்முறையாக அதை வேலைக்கு ஓட்டிப்போனார் மோசஸ்.

அன்று சாயங்காலம் ஹெலன் அடுப்படியில் நின்றபடி, ஸ்பீக்கரைப் போட்டு மகளோடு பேசினாள். அவர் வர இன்னும் நேரம் இருக்கிறது என்ற தைரியம்.

“அம்மா, உள்ள ஒதைக்குதும்மா! வேலு கைய வெச்சுப் பாத்துட்டு பயந்து வெளிய ஓடிட்டாரு.”

ஃபீபியின் சிரிப்பு அடுப்படி முழுக்க நிறைந்தது. ஹெலனும் சிரித்துக்கொண்டே கரண்டியை எடுக்கத் திரும்பினாள்.

நிலைப்படியில் மோசஸ் நின்றிருந்தார்.

அவள் விரல் தானாகப் போனை அணைத்தது.

“யாரு?”

“ரா... ராங் நம்பருங்க.”

“கட் பண்ணிட்டியா?” அவர் முகம் வாடிவிட்டது. “தெனமும் நான் உள்ள வர்றப்ப போனு சுடச்சுட கெடக்கும். அவ கொரல் மட்டும் இருக்காது.”

ஹெலன் அடுப்பை அணைத்தாள்.

“பேச மாட்டேன்னுதான் சபையில சொன்னேன். கேக்க மாட்டேன்னு சொல்லலியே.” சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். “மறுபடி போடு, நான் மூச்சுகூட விடமாட்டேன். அவ சிரிக்கிறதக் கேக்கத்தான் ஹெலன், இன்ஜினையே கழட்டிப் போட்டேன்.”