கடைசி வசனம்

பதினொரு வருடம் ஓடிய தொடரின் கடைசிக் காட்சி. வாசலில் பெட்டியோடு நின்று, "நான் போறேன். இனி வரமாட்டேன்" என்று கணவன் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கணவனாக நடிக்கும் டெஸ்மண்ட் மறுபடியும் திணறினார்.

"கட்!" இந்தக் கடைசி அத்தியாயத்துக்கென்றே புதிதாக வந்திருந்த இயக்குநர் நோரீன் தலையில் கை வைத்துக்கொண்டார். பர்பாங்க் ஸ்டுடியோவே பிரிவு உபசார கேக்கை வெட்டக் காத்திருந்தது. "என்னங்க டெஸ்மண்ட், ஒரே டேக்ல முடிக்கிற ஆளுன்னு சொன்னாங்க. ரெண்டு வரிக்கு இந்தப் பாடா?"

"இந்த செட்டை விட்டா எனக்கு வீடு ஏது?" என்றார் டெஸ்மண்ட். எல்லாரும் சிரித்தார்கள்.

"உங்களுக்குப் பொண்டாட்டியா நடிச்ச பாவத்துக்கு, லொரெய்ன் அழுது அழுது முகமே வீங்கிப்போச்சு. இன்னும் ஒரு டேக்தான்!" என்றார் நோரீன்.

"மன்னிச்சுடு" என்று லொரெய்னிடம் முணுமுணுத்தார் டெஸ்மண்ட். சட்டையில் குத்தியிருந்த மைக்கை இருவருமே மறந்துவிட்டார்கள். நோரீனின் ஹெட்போனில் லொரெய்னின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி நம்ம நிஜ வீட்டு வாசல்ல நின்னு இதையேதான் சொன்னே, டெஸ்மண்ட். அன்னைக்கு ஒரே டேக்ல சொல்லிட்டியே!"